தன் குரல் காட்டாத கருவி

ஏட்டுச்சுவடியைப் பெயர்த்தெழுதுவோனுக்கு இருக்க வேண்டிய முதற் பண்பு யாது? அழகிய கையெழுத்தன்று, விரைவுமன்று. மூலத்தில் உள்ளதை உள்ளவாறே எழுதித் தன் சொல் ஒன்றையும் அதனுட் புகுத்தாதிருத்தலே அப்பண்பாகும். ஒருவன் செய்த பிழையை அடுத்தவன் அப்படியே பெயர்த்தெழுதுவான். தன் பிழையையும் அதனோடு சேர்ப்பான். பத்துக் கை மாறிய பின்னர் மூலம் எது, பிழை எது எனப் பிரித்தறிதல் கற்றோர்க்கும் அரிதாகிவிடும். ஓசையைக் கம்பி வழியாகவும் இசைத்தட்டு வழியாகவும் கொண்டுசென்ற கருவிகளுக்கும் இதே குறை நேர்ந்தது. அக்குறையைக் களைவதற்கு 20ஆம் நூற்றாண்டிற் பொறியியலாளர் சிலர் செய்த முயற்சி, பொருளையும் புகழையும் பற்றிய கதைகளைவிடச் சுவை மிக்கது. ஏனெனில், அவர்கள் ஒவ்வொருவரும் ஒன்றைப் பெறுவதற்காக மற்றொன்றை மனமுவந்து இழந்தனர்.

ஒரு பாடகியின் குரல் நேயரின் செவியை அடையுமுன் எத்தனை கை மாறுகின்றது என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். காற்றின் அதிர்வு ஒலிவாங்கியில் நுண்ணிய மின்னோட்டமாகின்றது. அந்த மின்னோட்டத்தை மின்பெருக்கி என்னுங் கருவி பன்மடங்காக்குகின்றது. பின்னர் அது இசைத்தட்டின் வரியாகவோ வானொலி அலையாகவோ உருமாறுகின்றது. வீட்டை அடைந்ததும் மீண்டும் ஒரு மின்பெருக்கி, அதன்பின் ஒலிபெருக்கி. ஒலிபெருக்கியின் கூம்பு அசைய, அவ்வசைவு மறுபடியும் காற்றின் அதிர்வாகின்றது. இப்படிகள் அனைத்திலும் ஓசை தன் வடிவத்திற் சிறிது சிறிதாக இழக்கின்றது. தனக்கு உரியதல்லாத சிலவற்றை ஏற்றும் கொள்கின்றது. இதனையே பொறியியலாளர் திரிபு என்பர்.

அமெரிக்கரான லீ டி பொரஸ்ற் என்பார் 1906இல் மூன்று மின்வாய்களைக் கொண்ட வால்வை அமைத்தார். மெலிந்த மின்னோட்டத்தை வலிமை பெறச் செய்யும் வழி அதனாற் பிறந்தது. ஆயின், வால்வு ஒரு நேர்மையான பணியாளன் அன்று. சிறிய அலையை ஒரு விகிதத்திலும் பெரிய அலையை வேறொரு விகிதத்திலும் பெருக்கும் இயல்பு அதற்குண்டு. இதன் விளைவு விந்தையானது. ஒரு சுரம் உட்புகுந்தால் அதனோடு இல்லாத மேற்சுரங்கள் ஒட்டிக்கொண்டு வெளிவரும். இரண்டு சுரங்கள் ஒருங்கே புகுந்தாலோ எவரும் வாசிக்காத மூன்றாஞ் சுரம் ஒன்று பிறக்கும். தனி வீணையிற் பொறுத்துக்கொள்ளத்தக்க இக்குறை, பல கருவிகள் சேர்ந்திசைக்குமிடத்துக் கரகரப்பாகவும் குழப்பமாகவும் செவியை உறுத்தும்.

இக்குறையோடு முதலிற் போராடியோர் இசைத்தட்டுத் தொழிலைச் சேர்ந்தோர் அல்லர்; தொலைபேசித் தொழிலைச் சேர்ந்தோரே ஆவர். அமெரிக்கக் கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் செல்லும் பேச்சு, வழிநெடுக மின்பெருக்கிகளாற் புத்துயிர் பெற்றே செல்லவேண்டியிருந்தது. ஒரே கம்பியிற் பல உரையாடல்களை ஒருங்கே அனுப்ப முயன்றபோது, மின்பெருக்கிகளின் திரிபு ஒருவர் பேச்சை மற்றொருவர் பேச்சோடு கலந்துவிட்டது. ஒரு மின்பெருக்கியிற் புலப்படாத பிழை, தொடர்ச்சியாக அமைந்த பலவற்றைக் கடக்கும்போது பேச்சையே விழுங்கிவிடும். ஏடு பெயர்த்தெழுதுவோரின் கதையே இங்கும் நிகழ்ந்தது.

இச்சிக்கலைத் தீர்க்க முற்பட்டவருள் ஒருவர் ஹரோல்ட் பிளாக். 1898இல் மசாசூசெற்ஸ் மாநிலத்திற் பிறந்த அவர், 1921இற் பட்டம் பெற்று வெஸ்ரேண் இலெக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியியற் பகுதியிற் சேர்ந்தார். அப்பகுதியே 1925இற் பெல் தொலைபேசி ஆய்வுகூடம் எனத் தனி நிறுவனமாயிற்று. தம் முயற்சிகளின் வரலாற்றை அவர் முதுமையில், 1977ஆம் ஆண்டு, அமெரிக்க மின்பொறியியலாளர்க்குரிய இதழ் ஒன்றில் நினைவுக் குறிப்பாக எழுதினார். அக்குறிப்பு ஒரு பொறியியலாளரின் மனம் எவ்வாறு வழி மாறி வழி கண்டது என்பதைக் காட்டுவது.

தொடக்கத்திற் பிளாக்கும் பிறரைப் போலவே குறையற்ற வால்வைத் தேடினார். அது கைகூடவில்லை. 1923இற் புகழ்பெற்ற மின்னியலறிஞர் சாள்ஸ் ஸ்ரைன்மெட்ஸின் சொற்பொழிவொன்றைக் கேட்டுத் திரும்பியபின், அவர் வினாவையே மாற்றிக்கொண்டார். வால்வு குறையுடையது என்பதை ஏற்றுக்கொள்வோம். வெளிவருவதிலிருந்து குறையை மாத்திரம் பிரித்தெடுத்துக் கழித்துவிட்டால் என்ன? இதுவே அவர் தம்மைக் கேட்டுக்கொண்ட வினா. வெளிவந்த அலையை உட்சென்ற அலையோடு ஒப்பிட்டால் எஞ்சுவது திரிபு. அதனைத் தனியே பெருக்கி வெளிவந்த அலையிலிருந்து நீக்கினார். எண்ணம் பலித்தது, ஆயினும் நடைமுறைக்கு ஒவ்வவில்லை. மணிக்கொருமுறை, இரவும் பகலும், யாரேனும் ஒருவர் அருகிலிருந்து மின்னோட்டத்தைச் சரிசெய்தாலன்றி அக்கருவி நெறிப்பட இயங்கவில்லை என்று அவரே குறிப்பிட்டிருக்கின்றார்.

மேலும் நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1927ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 2ஆம் நாட் காலையில், பிளாக் வழக்கம்போல ஹட்சன் நதியைக் கடக்கும் படகில் நியூயோர்க் நகருக்குத் தொழிலின்பொருட்டுச் சென்றுகொண்டிருந்தார். படகு ஆற்றைக் கடக்கும்போது விடை அவர் மனத்தில் உதித்தது. கையிலிருந்த நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் பக்கமொன்றில் வெற்றிடம் கண்டு, அங்கேயே படத்தையும் சமன்பாட்டையும் எழுதி, நாளிட்டுக் கையொப்பமும் இட்டார்.

அவர் கண்ட விடை இதுதான். மின்பெருக்கியிலிருந்து வெளிவரும் அலையின் ஒரு பங்கை எடுத்து, அதனை எதிர்த்திசையாகத் திருப்பி, நுழைவாயிலிலேயே மீண்டும் செலுத்துதல். தேர்ந்த பாடகர் தம்புராவின் சுருதியோடு தம் குரலைக் கணந்தோறும் ஒப்பிட்டு, ஏறினால் இறக்கியும் இறங்கினால் ஏற்றியும் பாடுவதை நேயர் அறிவர். அதுபோல மின்பெருக்கி தன் வெளியீட்டைத் தானே கேட்டு, மூலத்தினின்றும் விலகிய அளவைத் தானே திருத்திக்கொள்கின்றது. மணிக்கொருமுறை திருத்துவதற்கு ஆள் வேண்டியதில்லை. இம்முறை எதிர்ப் பின்னூட்டல் எனப் பெயர் பெற்றது.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. திருப்பிச் செலுத்தப்படும் அலை, உட்புகும் அலையை எதிர்த்து நிற்பதால் பெருக்கும் ஆற்றல் குறைந்துவிடும். எடுத்துக்காட்டாக, 10,000 மடங்கு பெருக்க வல்ல கருவி 100 மடங்கு மாத்திரமே பெருக்கும். ஆயின் அதே வீதத்திற் பிழையும் குறையும். நூற்றுக்கு ஐந்தாக இருந்த திரிபு நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பெருக்குதற்கென்றே படைக்கப்பட்ட கருவியிற் பெரும்பகுதி ஆற்றலைப் பெற்றபின் எறிந்துவிடு என்றால் யார் உடன்படுவர்? அக்காலத்தில் மின்பெருக்கும் ஆற்றல் அரிதாகவும் விலை மிக்கதாகவும் இருந்தது. அதைக் கொட்டிவிட்டு உண்மையை வாங்கலாம் என்று சொன்னவரை உலகம் ஐயத்தோடு நோக்கியதில் வியப்பில்லை.

1927ஆம் ஆண்டு முடிவதற்குள் ஆய்வுகூடத்திற் சோதனை வெற்றி பெற்றது. ஆயினும், 1928இல் விண்ணப்பித்த காப்புரிமை 1937 டிசம்பரிலேயே அவருக்குக் கிடைத்தது. பிரித்தானியக் காப்புரிமை அலுவலகம், ஓயாது தானே இயங்கும் பொறியைக் கண்டுபிடித்ததாகக் கூறுவோரின் விண்ணப்பத்தைப் போலவே இதனையும் கருதியது என்று பிளாக் நினைவுகூர்ந்தார். ஐயுற்றோரிடத்தும் நியாயம் இருந்தது. திருப்பிச் செலுத்தும் அலை சிறிது தாமதித்தால், எதிர்க்க வேண்டியது துணைபோய்விடும். கருவி வீறிட்டு ஊளையிடத் தொடங்கும். இதற்குரிய எல்லையைக் கணிதமுறையால் வகுத்தவர் ஹரி நைகுவிஸ்ற். அவருடைய ஆய்வுரை 1932இல் வெளிவந்தது; பிளாக்கின் ஆய்வுரை 1934இல் வெளிவந்தது.

தொலைபேசிக்கெனத் தோன்றிய இவ்வுபாயம் இல்லங்களின் இசைக்கருவிகளை அடைவதற்கு மேலும் பத்தாண்டுகள் வேண்டியிருந்தன. இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945ஆம் ஆண்டில், இங்கிலாந்தைச் சேர்ந்த ஹரல்ட் லீக் என்பார் ஒரு மின்பெருக்கியை வெளியிட்டு, அதற்குப் ‘பொயின்ற் வன்’ என்று பெயரிட்டார். திரிபு நூற்றுக்கு 0.1 மாத்திரமே என்பது அப்பெயரின் பொருள். வண்ணத்தையோ வலிமையையோ பாராட்டாது, பிழையின் சிறுமையையே கருவிக்குப் பெயராக்கியமை அக்காலப் பொறியியலாளரின் மனப்பாங்குக்கு நல்ல சான்று.

ஈராண்டின் பின், 1947 ஏப்ரல், மே மாதங்களில், இலண்டனிலிருந்து வெளிவந்த ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ என்ற இதழில் இரு கட்டுரைகள் வெளிவந்தன. எழுதியவர் எடின்பரோவைச் சேர்ந்த வில்லியம்சன், வயது 24. போர்க்காலத்தில் வால்வு செய்யும் நிறுவனமொன்றிற் பணியாற்றியபோது தாம் வகுத்த மின்பெருக்கியை அவர் அக்கட்டுரைகளில் விளக்கினார். அதன் ஆற்றல் 15 வாட். திரிபு நூற்றுக்கு 0.1 அளவிலும் குறைவு. அதிலும் மிகுந்த ஆற்றலைத் தரவல்ல வால்வுகளையே அவர் கையாண்டார். எனினும் திரிபு குறையும்பொருட்டு, ஆற்றல் குறைவாக வெளிவரும் இணைப்பு முறையையே தேர்ந்தார். பிளாக்கின் வழியையே அவரும் பின்பற்றினார் என்க.

அவர் வென்ற தடை நிலைமாற்றி என்னும் உறுப்பிலே இருந்தது. வால்வின் மின்னோட்டத்தை ஒலிபெருக்கிக்கு ஏற்றவாறு மாற்றித் தரும் அவ்வுறுப்பு, இரும்புத் தகடுகளின்மேற் கம்பி சுற்றி அமைக்கப்படுவது. அதனையும் உள்ளடக்கிப் பின்னூட்டல் செய்தாற் பயன் பெரிது, ஆபத்தும் பெரிது. அங்கு நேரும் தாமதமே கருவியை ஊளையிடச் செய்யும். ஆதலின் மனிதச் செவிக்கு எட்டாத மிக உயர்ந்த அதிர்வுகளையும் நெறிபிறழாது கடத்தும் நிலைமாற்றி வேண்டியிருந்தது. கம்பியைப் பல பகுதிகளாகப் பிரித்து ஒன்றனிடையே ஒன்றாகச் சுற்றும் முறையை வில்லியம்சன் வகுத்தார். எத்தனை பகுதி, எத்தனை சுற்று, எத்தகைய கம்பி என்னும் விவரங்களையெல்லாம் ஒளிக்காது அச்சிற் கொடுத்தார்.

அக்கொடையின் பயன் பெரிது. இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும், சூட்டுக்கோலும் பொறுமையும் உடையோர் தத்தம் இல்லங்களில் அம்மின்பெருக்கியை அமைக்கலாயினர். 1949இல் அமெரிக்கர் தம் நாட்டிற் கிடைத்த வால்வுகளுக்கேற்ப அதனை மாற்றி வெளியிட்டனர். வில்லியம்சனோ ஒலித்துறையிலேயே நின்றுவிடவில்லை. பெரான்ட்டி நிறுவனத்திற் சேர்ந்து, எண்களால் இயக்கப்படும் தொழிற்கருவிகளை வகுத்து, 1968இல் இங்கிலாந்தின் றோயல் சங்கத்தில் அங்கத்தவரானார். இசையன்பர் வாயில் அவருடைய பெயர் ஒரு மின்பெருக்கியின் பெயராகவே நிலைத்துவிட்டது.

கருவியில் திரிபு இவ்வளவே என்று எண்ணாற் கூறுதல் பொறியியலாளருக்குப் போதும். பொதுமக்களுக்கு அது போதுமா? இவ்வினாவை அரங்கிலேற்றியவர் கில்பர்ட் பிறிக்ஸ். 1890இற் பிறந்து, துணி வணிகத்திற் பல ஆண்டுகளைக் கழித்த அவர், நாற்பது வயதைக் கடந்தபின் 1932இல் யோர்க்சயரிலுள்ள தம் வீட்டின் நிலவறையில் ஒலிபெருக்கி செய்யத் தொடங்கினார். அவ்வூர் அமைந்த பள்ளத்தாக்கின் பெயரையே நிறுவனத்துக்கும் இட்டார். வாவ்டேல் என்னும் பெயர் அவ்வாறு எழுந்தது. 1954 நவம்பர் 1ஆம் நாள், இலண்டனிலுள்ள றோயல் பெஸ்டிவல் மண்டபத்தில் அவர் ஒரு சோதனை நடத்தினார். கலைஞர்கள் மேடையில் நேரே வாசித்தனர். அவர்கள் முன்னரே பதிவு செய்த இசையும் அதே மேடையிலிருந்த ஒலிபெருக்கிகள் வழியாக ஒலித்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு ஒப்பிடும் உரிமை மண்டபம் நிறைந்திருந்தோர்க்கு அளிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஒக்டோபரில் நியூயோர்க்கின் கார்னகி மண்டபத்திலும் இத்தகைய நிகழ்ச்சி நடைபெற்றது.

வணிகர் ஒருவர் தம் சரக்கை மூலத்தின் அருகிலேயே நிறுத்தி, குற்றங் காண்போர் காணுக என்று ஊரறிய விடுதல் எளிய செயலன்று. பளபளக்கும் மரப்பெட்டியும், அறையை அதிரவைக்கும் தடித்த ஓசையும் விற்பனைக்குப் போதுமானவையாயிருந்த காலத்தில் அவர் இதனைச் செய்தார் என்பது கருதத்தக்கது.

பிறிக்ஸின் மேடைகளில் மின்பெருக்கிகளைக் கவனித்து உறுதுணையாய் நின்றவர் பீற்றர் வோக்கர். 1916இற் பிறந்த அவர் 1936இல் இலண்டனிற் சிறு நிறுவனமொன்றைத் தொடங்கினார். குண்டுவீச்சினால் அவ்விடம் அழிவுற, 1941இல் ஹன்ரிங்டன் என்னும் ஊருக்கு அதனை மாற்றினார். அவருடைய மின்பெருக்கிகள் குவாட் என்ற பெயரால் உலகெங்கும் அறியப்பட்டன. புல்லாங்குழல் வாசிப்பதில் ஈடுபாடுடைய வோக்கருக்கு, மின்பெருக்கியின் பிழை குறையக் குறைய ஒலிபெருக்கியின் பிழையே மேலெழுந்து தெரியலாயிற்று.

அக்காலத்து ஒலிபெருக்கிகளுட் பெரும்பாலானவை, 1925இல் றைஸ், கெலொக் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் இருவர் வகுத்த முறையைத் தழுவியவை. கம்பிச்சுருள் ஒன்று காகிதக் கூம்பை நடுவிற் பிடித்துத் தள்ளும். நடுப்பகுதி தள்ளப்பட, விளிம்பு பின்தங்கும். கூம்பு தன் விருப்பப்படி நெளியும். பெட்டியும் தன் குரலைச் சேர்க்கும். வோக்கர் கூம்பையும் பெட்டியையும் ஒருங்கே துறந்தார். துளைகளிட்ட இரு தகடுகளுக்கு இடையில், மயிரிழையிலும் மெல்லிய பிளாஸ்ரிக் தாளை இழுத்துக் கட்டி, அதற்குப் பல ஆயிரம் வோல்ற் அழுத்தத்தில் மின்னேற்றம் அளித்தார். இசைக்குரிய மின்னழுத்தம் தகடுகளில் மாறும்போது, தாளின் பரப்பு முழுவதும் ஒருங்கே ஈர்க்கப்பட்டும் தள்ளப்பட்டும் அசையும். ஏறத்தாழக் காற்றைப் போலவே எடையற்ற பொருள் காற்றை அசைப்பதால், அதன் சொந்தக் குரல் மிகச் சிறிதே. இவ்வாராய்ச்சியில் வில்லியம்சனும் அவரோடு சேர்ந்து உழைத்தார்.

1957இல் விற்பனைக்கு வந்த இவ்வொலிபெருக்கி, காண்போர்க்கு அறையைச் சூடேற்றும் கருவிபோலத் தோன்றியது. அதற்கும் குறைபாடுகள் உண்டு. மிகத் தாழ்ந்த சுரங்களை வலிமையாகத் தராது. பேரொலி வேண்டுவோர் வற்புறுத்தினாற் பழுதாகிவிடும். வோக்கர் அவற்றை அறிந்தே ஏற்றார். உரத்த ஓசையைக் கொடுத்து உண்மையான ஓசையை அவர் வாங்கினார். மனிதக் குரலையும் நரம்புக் கருவிகளின் ஓசையையும் அக்கருவி தந்த தெளிவு, பின்வந்த ஒலிபெருக்கிகளை மதிப்பிடும் அளவுகோலாக நெடுங்காலம் விளங்கியது. அதற்கடுத்த ஒலிபெருக்கிக்கான ஆராய்ச்சியை அவர் 1963இல் தொடங்கினார். அது விற்பனைக்கு வந்ததோ 1981இல். குளத்தில் எறிந்த கல்லிலிருந்து அலைகள் வட்டம் வட்டமாக விரிவது போல, தாளின் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓசை படிப்படியாகப் பரவுமாறு அதனை அமைக்கப் 18 ஆண்டுகள் சென்றன.

இடையில், 1975இல், வோக்கரின் நிறுவனம் புதுமுறை மின்பெருக்கி ஒன்றை வெளியிட்டது. பெரும்பாரத்தைச் சுமக்கும் முரட்டு மின்பெருக்கி ஒன்று. அதன் பிழையை ஈடுசெய்து வழிநடத்தும் சிறிய, நுட்பமான மின்பெருக்கி மற்றொன்று. இரண்டும் ஒன்றாக இயங்கின. மணிக்கொருமுறை திருத்த வேண்டியிருந்தமையாற் பிளாக் 1923இற் கைவிட நேர்ந்த எண்ணத்தின் சாயல், அரை நூற்றாண்டின் பின் புதுவடிவில் இல்லத்து இசைக்கருவியுட் புகுந்தது.

இவ்வளவு நுட்பம் ஒரு பாட்டைக் கேட்பதற்கு வேண்டுமா எனச் சிலர் வினவலாம். மேடையில் எழும் இசை அக்கணமே மறைவது. மறைந்தபின் எஞ்சும் சாட்சி பதிவு ஒன்றே. 1956இல் மறைந்த திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளையின் நாதசுரத்தை நேரிற் கேளாத தலைமுறைக்கு, அவர் எத்தகைய கலைஞர் என்று சொல்வன இசைத்தட்டுகளே. பெயர்த்தெழுதுவோன் தன் சொல்லைப் புகுத்தினால் நூலாசிரியனுக்கு அநீதி நேர்வதுபோல, கருவி தன் குரலைப் புகுத்தினாற் கலைஞனுக்கு அநீதி நேரும். இனிமையாகப் பொய் சொல்லும் கருவியும் பொய் சொல்லும் கருவியே.

வால்வின் இடத்தை டிரான்சிஸ்ரர் கொண்டது. பின்னர் ஆயிரக்கணக்கான டிரான்சிஸ்ரர்கள் நகத்தின் அளவுள்ள சில்லில் அடங்கின. வில்லியம்சனின் வால்வு மின்பெருக்கியை விருப்பத்தோடு அமைப்போர் இன்றும் உளர். பிளாக் 1983இலும் வோக்கர் 2003இலும் மறைந்தனர். படகிற் பிறந்த எதிர்ப் பின்னூட்டல், வானொலி நிலையத்தின் கருவிகள் முதல் கையடக்கத் தொலைபேசிவரை குடிகொண்டிருக்கின்றது. அதனைக் கேட்போர் எவரும் உணர்வதில்லை. உணரச் செய்யாமையே அதன் தொழில். பாடகியின் குரல் ஒலிக்கும்போது, இடையில் ஒரு கருவி உண்டென்பதை நேயர் மறந்துவிடுவாராயின், அம்மறதியே அப்பொறியியலாளர் நாடிய பரிசாகும்.